கந்தலுக்கு வந்த வாழ்வு

1586ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானியப் பேரரசரின் கியோத்தோ அரண்மனைக்குள் ஓர் அறை சுமந்து செல்லப்பட்டது. கழற்றிக் கோக்கத்தக்கதாகச் செய்யப்பட்டிருந்த அவ்வறையின் சுவர், கூரை, தூண் யாவும் பொற்றகடு போர்த்தவை. தேநீர் வழங்க வைத்திருந்த கலங்களும் பொன். அதனைச் செய்வித்தவர் தொயோத்தோமி ஹிதேயோஷி. நாட்டையே தம் ஆணைக்குக் கீழ்க் கொண்டுவந்த அப்படைத்தலைவர், ஓவாரிப் பகுதியில் ஒரு சிற்றூரின் எளிய குடியில் பிறந்தவர். அவருடைய தேநீர் ஆசான் சென் நோ ரிக்கியூ, சாக்காய்த் துறைமுகத்தில் பண்டகசாலை வைத்திருந்த வணிகக் குடும்பத்தில் 1522இல் பிறந்தவர். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ரிக்கியூ அமைத்ததாகச் சொல்லப்படும் தேநீர் அறை யமசாக்கியில் இன்றும் இருக்கிறது. இரண்டே பாய் விரிக்கும் இடம். வைக்கோல் கலந்த மண்சுவர். இரண்டடிக்குச் சற்றே மிகுந்த உயரமுள்ள வாயில். எத்துணைப் பெரிய வீரனாயினும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே நுழைய வேண்டும். ஏழையாய்ப் பிறந்தவர் பொன்னறை சமைத்தார். செல்வராய்ப் பிறந்தவர் குடிசை சமைத்தார்.

முழங்காலில் கிழித்துவிட்ட காற்சட்டையும், ஓரம் பிசிறிய சட்டையும், கோணல்மாணலாக வனைந்த கோப்பையும் செம்மையாகச் செய்தவற்றைவிடக் கூடுதல் விலைக்கு விற்கும் காலம் இது. 2022ஆம் ஆண்டு மே மாதம் பலென்சியாகா என்னும் பாரிசு ஆடை நிறுவனம், கிழிந்து அழுக்கேறிய தோற்றத்தில் நூறு இணைக் காலணிகளை மட்டும் செய்து, இணை ஒன்றுக்கு 1,850 அமெரிக்க டாலர் என விலை குறித்தது. இதனை இக்காலத்து இளைஞரின் கிறுக்கு என்று ஒதுக்குவோர் பலர். வரலாற்றைப் புரட்டினால் இக்கிறுக்குக்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு என்பதும், அதன் தொட்டிலருகே நின்றவர்கள் கவிஞர்கள் என்பதும் புலப்படும்.

பதினைந்தாம் நூற்றாண்டு ஜப்பானில், ஷோகன்களின் தேநீர்க் கூட்டம் என்பது பெரும்பாலும் சீனத்துப் பொருள்களின் காட்சியாக இருந்தது. மெருகு குன்றாத சீனக் கலங்களையும் ஓவியங்களையும் வரிசையாக வைத்து விருந்தினரை வியக்கச் செய்தார்கள். அக்காலத்தில் ரெங்கா எனப்படும் தொடர்கவிதையில் பெயர்பெற்றிருந்த ஷிங்கெய் என்னும் துறவி (1406-1475), குளிர்ந்து மெலிந்து உலர்ந்த நிலையே கவிதையின் உச்சம் என்று கற்பித்தார். பலர் கூடி ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடுத்துச் செல்லும் அக்கவிதையில், பகட்டான அடியைவிட அடங்கிய அடிக்கே மதிப்பு மிகுதி. இக்கொள்கையைத் தேநீர்க் கூடத்துக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் முதல்வராக முராத்தா ஜூகோவைச் சொல்வது மரபு. அடுத்த தலைமுறையில் தாக்கெனோ ஜோவோ (1502-1555), சாக்காயில் தோல் வணிகம் செய்த குடும்பத்தவர், முதலில் கவிஞராகவே விரும்பிச் சன்ஜோனிஷி சானெத்தாக்கா என்னும் பெரும்புலவரிடம் கவிதையியல் பயின்றவர். அவர் கவிதையில் கற்றதைத்தான் கோப்பையில் தேடினார். ரிக்கியூ அவர் மாணவர்.

இம்மரபினர் போற்றிய சொல் வாபி. இன்று உலகெங்கும் அழகியல் நூல்களில் இது உயர்ந்த பொருளில் எடுத்தாளப்படுகிறது. மூலப்பொருளோ வேறு. வாழ்ந்து கெட்டவனின் நொந்த நிலை, துணையற்றவனின் துயர் என்பதே அச்சொல்லின் வேர். துன்பத்தின் பெயர் ஒன்று சுவையின் பெயராக மாறிய வரலாறு அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

ஜூகோ தம் மாணவருக்கு எழுதிய மடல் ஒன்று எஞ்சியுள்ளது. நாட்டுப்புறச் சூளைகளான பிசென், ஷிகராக்கி ஆகியவற்றின் முரட்டுக் கலங்களை வாங்கி வைத்துக்கொண்டு, முதிர்ந்தவர்களைப்போலத் தாமும் உலர்ந்த அழகை எட்டிவிட்டதாகக் காட்டிக்கொள்ளும் புதியவர்களை அவர் அதில் கண்டிக்கிறார். நல்ல கலங்களோடு பழகி அவற்றின் அருமை அறிந்த பின்பே ஒருவன் எளிய கலத்துக்கு வரவேண்டும் என்பது அவர் கருத்து. மடல் எழுதியவர் 1502இல் மறைந்தார். எளிமை ஒரு நெறியாகத் தோன்றிய அதே தலைமுறையில், போலி எளிமையும் தோன்றிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்நெறி ஏன் சாக்காயில் வேரூன்றியது என்பது எண்ணத்தக்கது. சீனத்தோடு வாணிகம் செய்து கொழித்த நகரம் அது. வணிகரிடம் பொருள் இருந்தது, குடிப்பெருமை இல்லை. புகழ்பெற்ற சீனக் கலங்களோ முன்பே பிரபுக்கள் கையில். பொன்னுள்ளவர் எவரும் பொற்கலம் வாங்கிவிடலாம். உழவன் விதை போட்டு வைத்த சாலில் அழகு காண்பதற்கு வேண்டியது கண். அக்கண் எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆகவே, செல்வம் இருந்தும் தகுதி மறுக்கப்பட்டவர்களுக்கு, வறிய பொருளைத் தேர்ந்தெடுக்கும் கண்ணே புதிய தகுதியாயிற்று. ரிக்கியூவின் கண் பொய்க்கண் என்று சொல்வதற்கில்லை. ஓடு செய்யும் குடியைச் சேர்ந்த சோஜிரோவைக் கொண்டு, சக்கரமின்றிக் கையாலேயே பிடித்துச் செய்வித்த கருங்கோப்பைகளைக் காண்போர் அவ்வாறு சொல்ல மாட்டார்கள். ஆயினும் கண்ணுக்கும் விலை வந்து சேர்ந்தது. ரிக்கியூ ஏற்றுக்கொண்ட கலம் அன்றே பன்மடங்கு உயர்ந்தது. 1591இல் ஹிதேயோஷியின் ஆணையால் அவர் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர்நீத்தபோது, அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று, தேநீர்க் கலங்களை மிகைவிலைக்கு விற்றார் என்பது.

இக்கதையின் மறுபக்கம் கொரியாவில் இருக்கிறது. தேநீர் ஆசான்கள் உச்சியில் வைத்துப் போற்றிய ஈதோ என்னும் கோப்பைவகை, கொரிய எளிய மக்கள் அன்றாடம் சோறுண்டு புழங்கிய கலம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. மெருகு திரண்டு பொரிந்திருக்கும். அடிவளையம் சரியாகச் சீவப்படாமல் இருக்கும். அவற்றுள் தலைசிறந்ததாகிய கிசாயமொன் ஈதோ, கியோத்தோவின் தாய்த்தோக்குஜி மடத்தைச் சேர்ந்த கோகோ-ஆன் கோயிலில் பெட்டிக்குள் பெட்டியாகப் பொதிந்து வைக்கப்பட்டுள்ளது. இன்று அது ஜப்பானின் தேசியச் செல்வம். 1931இல் அதனை எடுத்துப் பார்க்கும் வாய்ப்புப் பெற்ற யனாகி சோயெத்சு, இத்தனை சாதாரணமான பொருளா என்று திகைத்து, பின் அச்சாதாரணத்தையே அதன் பெருமையாகக் கொண்டு எழுதினார். கோப்பையின் பெயரில் நிலைத்திருப்பது அதனை ஒருகாலத்தில் வைத்திருந்த ஜப்பானிய வணிகரின் பெயர். வனைந்த கொரியக் குயவரின் பெயர் எவருக்கும் தெரியாது. 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியாவில் புகுந்து போரிட்டபோது, திரும்பிய ஜப்பானியச் சிற்றரசர்கள் குயவர்களையும் பிடித்துக் கொண்டுவந்தார்கள். சத்சுமா, ஹாகி, அரித்தா முதலிய இடங்களின் புகழ்பெற்ற சூளைகள் அவர்கள் உழைப்பால் எழுந்தவை. கோப்பையின் எளிமையைப் பாடியவர்கள், கோப்பை செய்தவனை நாடு கடத்தினார்கள்.

ரிக்கியூவின் குறுவாயிலை எண்ணும்போது, தமிழில் பயின்றவர்க்கு வேறொரு கதவு நினைவுக்கு வருதல் இயல்பு. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் பாணன் மனைவி அடைக்கும் கதவு அது. இடிந்த சுவரும் கறையானும் உள்ள அடுக்களையில், கண் திறவாத குட்டிகளுக்குப் பால் சுரக்க மாட்டாத நாய் குரைக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கும் வழியின்றி வெறும் நீரில் வேக வைக்கிறாள். அறியாதவர் கண்டு பழிப்பரே என்று நாணி, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். யமசாக்கியில் வறுமைக்குள் நுழைவதற்கு வாயில் வைத்தார்கள். இங்கே வறுமை வெளியே தெரியாதிருக்க வாயிலை அடைத்தார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இப்பொருளின் உயிர்நிலை. உப்பில்லாக் கீரையை நாகரிகமாக எண்ண, அடுத்த வேளைக்கு உப்பு உறுதியாக இருக்க வேண்டும்.

பிரான்சு நாட்டில் இவ்வுறுதி சற்றே முன்னதாகக் குலைந்தது. 1783இல் அரசி மரி அந்துவானெத்துக்காக வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் ரிஷார் மீக் என்னும் கட்டடக் கலைஞர் ஓர் உழவர் சிற்றூரையே எழுப்பத் தொடங்கினார். ஓலைக் கூரை, ஆலை, பால்பண்ணை யாவும் உண்டு. புதுச்சுவர்கள் பழமையாகத் தோன்றவேண்டி அவற்றின்மேல் வெடிப்புகளை வண்ணத்தால் வரைந்தார்கள். அதே ஆண்டில் விழே-லெப்ரன் அம்மையார், வைக்கோல் தொப்பியும் வெள்ளை மஸ்லின் அங்கியுமாக அரசியைத் தீட்டிய ஓவியம் பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அரசி உள்ளாடையோடு நிற்கிறாள் என்று மக்கள் கொதித்தார்கள். ஓவியம் அகற்றப்பட்டுப் பட்டாடை அணிந்த வேறோர் ஓவியம் வந்தது. பட்டு நெய்யும் லியோன் நகரத்தாரின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாள் என்ற சினமும் அதில் கலந்திருந்தது. எளிய அங்கி என்று பெயர். அம்மெல்லிய துணிவகையோ இந்தியாவிலிருந்து கடல்கடந்து ஐரோப்பாவுக்குப் பழக்கமானது. ஆறாண்டுகளுக்குப் பின், 1789 அக்டோபர் 5ஆம் நாள், ரொட்டி கேட்டுப் பாரிசுப் பெண்கள் வெர்சாயை நோக்கி நடந்தபோது, அச்செய்தி அரசியை எட்டியது அத்தோட்டத்தில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரணம் வேறு வடிவம் எடுத்தது. இயந்திரம் வந்தது. அதுவரை நேர்த்தி என்பது அரிய பொருள். ஆயிரம் கரண்டியும் ஒரே அச்சில் விழத் தொடங்கியதும் அது மலிந்துபோயிற்று. 1899இல் ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ எழுதிய அமெரிக்கப் பொருளியலறிஞர் தார்ஸ்டைன் வெப்லென் இதனைக் கூர்மையாகக் கண்டார். கைவேலையின் பிசகுகளே அப்பொருள் விலையுயர்ந்தது என்பதற்கு அடையாளமாகிவிட்டன. ஆகவே குறையே பெருமை தருகிறது என்பது அவர் வாதம். அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மாரிஸ் 1891இல் நிறுவிய கெல்ம்ஸ்காட் அச்சகம். கையால் செய்த தாள், பழங்கால எழுத்துரு, கைப்பொறியில் அச்சு. தொழிலாளியின் உழைப்பு மீண்டும் இன்பமாக வேண்டும் என்று கனவு கண்ட பொதுவுடைமையாளர் மாரிஸ். அவர் அச்சிட்ட நூல்களைத் தொழிலாளி வாங்க இயலவில்லை, செல்வர் வாங்கினர். வெப்லெனின் எள்ளல் மாரிசிடம் சற்றே இரக்கமின்றி நடந்துகொள்கிறது எனலாம். ஆனால் கணக்கில் பிழையில்லை.

வறியவர் உடை அனைத்துமே வேடம் என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். அயல்துணியை விடச் சொன்னபோது, கதர் வாங்கவும் வழியில்லையே என்று எளியோர் சொன்ன விடை அவரை அம்முடிவுக்குத் தள்ளியது. 1931இல் இலண்டனில் மன்னர் மாளிகைக்கும் அவ்வுடையிலேயே சென்றார். 1948இல் மறையும்வரை அதனைக் கழற்றவில்லை. மாலையில் வீடு திரும்பியதும் கழற்றி மாட்டிவிடும் உடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விரித்துரைக்கத் தேவையில்லை.

அடுத்த நிகழ்ச்சி சென்னையைச் சேர்ந்தது. கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு உலகச் சந்தையில் ‘மெட்ராஸ்’ என்றே பெயர். இங்கு அது உழைப்பாளி இடுப்பில் கட்டும் கைலி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலைஹு யேல், முன்னாளில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அவர் 1718இல் அக்கல்லூரிக்கு நன்கொடையாக அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கை விற்றே கட்டடம் எழுப்பினார்கள் என்பது இடைக்குறிப்பு. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர், சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் இத்துணியை யார் ஒன்று ஒரு டாலர் கணக்கில் வாங்கினார். செடிச்சாயம் இட்ட துணி. குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தார். ஜேக்கப்சன் பத்தாயிரம் யாரைப் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றபோது அவ்வெச்சரிக்கையைச் சொல்லாது விட்டார். மேல்சட்டைகளாகத் தைத்து விற்கப்பட்ட துணி, அமெரிக்க வீடுகளின் சலவைப் பொறிக்குள் போய்ச் சாயத்தைக் கக்கியது. சிவப்பு நீலத்தில் ஏறி, நீலம் மஞ்சளில் ஏறி, உடன் துவைத்த துணியெல்லாம் பாழாயிற்று. வழக்குத் தொடுக்கும் பேச்சு எழுந்தது.

பின்னர் நடந்ததை நாயர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அமெரிக்க இளம்பெண்களுக்கான இதழ் ஒன்றில் அவரது பேட்டி வெளியாயிற்று. சாயம் போகும் மெட்ராஸ், இந்தியாவின் கைத்தறி அற்புதம் என்று இதழ் கொண்டாடியது. ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறிப் புதிதாகும் துணி! வழக்கு வாபசாகிச் சரக்குப் பற்றாக்குறை ஏற்பட்டது. சாயம் போகும் என்பதற்கு உறுதி கூறியே விளம்பரங்கள் வந்தன. அறுபதுகளில், வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் படித்த அமெரிக்கக் கல்லூரிகளில் சாயம் போகாத மெட்ராஸ் அணிவது இழுக்காயிற்று.

தமிழில் சாயம் வெளுத்தது என்றால் பொய் வெளிப்பட்டது என்று பொருள். இங்கே சாயம் வெளுக்க வெளுக்கப் பொய் உறுதிப்பட்டது. சென்னையில் புதுக் கைலியை உப்புநீரில் தனியே ஊறவைத்து, மறந்துபோய் வெள்ளைத் துணியோடு நனைத்துவிட்டால் தலையில் அடித்துக்கொண்ட பெண்ணுக்கு அது குறைதான். அவளிடம் இருந்ததே இரண்டு வெள்ளைத் துணி. சாயம் போன சட்டையை எறிந்துவிட்டு வேறு எடுக்கக்கூடியவனுக்கே அது அற்புதம். எடுத்ததற்கு மேலாக வேறு இருந்தால்தான் குறை அழகாகிறது.

எழுபதுகளின் நடுவில் வேலையற்ற இலண்டன் இளைஞர் சிலர் கிழிந்த சட்டையை ஊக்கு குத்தி அணிந்தபோது அதில் சினம் இருந்தது; சில ஆண்டுகளில் அச்சினம் கடைகளில் தொங்கியது. 1982இல் ஜப்பானியப் பெண்மணி ரெய் கவகுபோ, துளைகள் நிறைந்த கறுப்புப் பின்னலாடையைப் பாரிசில் காட்டினார். பின்னற்பொறியின் திருகாணிகளைத் தளர்த்திவிட்டு, பொறியே எதிர்பாராத இடத்தில் தவறும்படி செய்து பெற்ற துளைகள் அவை. பொறியையும் குயவன் கைபோலத் தடுமாற வைத்த அச்செயலில் ரிக்கியூவின் மரபு தெரிகிறது; அதனை வெறும் கந்தல் எனத் தள்ளுதல் முறையன்று. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் கலியானோ, டியோர் நிறுவனத்துக்காகச் செய்ததோ வேறு. பாரிசின் ஆற்றங்கரையில் படுத்துறங்கும் வீடற்றோரின் உடையைப் பட்டில் தைத்து மேடையேற்றினார். வீடற்றோர் சார்பாக எதிர்ப்பு எழுந்தது.

இவையெல்லாம் சிலர்க்கே உரியவை. கோடிக்கணக்கானோர் அணிந்த கந்தல் நீலக் காற்சட்டையே. அதன் பிறப்பை எண்ணினால் வியப்பு மிகும். நெவாடாவின் ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரரிடம், மரம் வெட்டுபவரின் மனைவி ஒருத்தி கிழியாத காற்சட்டை ஒன்று கேட்டாள். அவர் பைகளின் மூலைகளில் செப்புத் தறையாணி அறைந்து கொடுத்தார். லீவை ஸ்ட்ராசோடு சேர்ந்து அவர் 1873 மே 20ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். கிழியக்கூடாது என்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட உடை அது. நூறாண்டு கழித்து, கல்லோடு போட்டுத் துவைத்தும், உப்புத்தாளால் தேய்த்தும், கத்தியால் கீறியும் கிழித்து விற்றார்கள்.

விரைந்து வெளிறச் செய்வதற்கு மணலை அழுத்தக் காற்றோடு பீய்ச்சி அடிக்கும் முறை பரவியது. துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தில் சாளரம் அடைத்த சிறு கூடங்களில் இவ்வேலை நடந்தது. கிழக்குத் துருக்கியின் வறண்ட சிற்றூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் அதைச் செய்தார்கள். இரவில் சிலர் அக்கூடங்களிலேயே உறங்கினார்கள். மணல்தூள் நுரையீரலில் படிந்து இறுகும் சிலிகோசிஸ் என்னும் நோய் சுரங்கத் தொழிலாளர்க்கு உரியது. பெரும்பாலும் இருபது முப்பதாண்டு உழைத்த பின் வருவது. 2005ஆம் ஆண்டளவில் துருக்கி மருத்துவர்கள் அதனைச் சில ஆண்டுகளே வேலை பார்த்த இருபது வயதுக்காரர்களிடம் கண்டார்கள். அதற்கு மருந்தில்லை. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளி அணிந்து தேய்த்த காற்சட்டையின் தோற்றத்தை வரவழைக்க, சுரங்கத்தையே காணாத பிள்ளைகள் சுரங்கத்தின் நோயை வாங்கிக்கொண்டார்கள்.

2009 மார்ச்சில் துருக்கி அரசு இம்முறையைத் தடை செய்தது. பெரிய நிறுவனங்கள் சில அடுத்த ஆண்டில் தாமும் கைவிடுவதாக அறிவித்தன. வேலையோ வேறு நாடுகளின் கூடங்களில் மேலும் சில காலம் தொடர்ந்தது. இப்போது லேசர் ஒளி வந்துள்ளது. நெடுநாள் அணிந்து தேய்ந்த பழைய காற்சட்டை ஒன்றைப் படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றுகிறார்கள். முழங்கால் மடிந்த இடத்துச் சுருக்கமும், தொடையில் கை துடைத்துத் துடைத்து வெளிறிய பகுதியும் அப்படியே புதுத்துணியில் எரித்துப் பதிக்கப்படுகின்றன. 2018இல் லீவைஸ் நிறுவனம் இம்முறையை அறிவித்தபோது, ஒரு காற்சட்டைக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 90 நொடி என்றது.